லினக்ஸில் காணொளிக் குறியாக்கம்: வரைகலை அட்டை தரும் வேகமும் அதன் விலையும்



2023ஆம் ஆண்டு நம் கழகத்தின் முன்னாள் மாணவர் விருந்துக்குப் பத்து நாள்களுக்கு முன்பு, செயலவை உறுப்பினர் ஒருவர் இரண்டு வன்தட்டுகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணா, பழைய நாடக விழா, சொற்போர், பொங்கல் விழா எல்லாம் இதுலதான் இருக்கு. விருந்தன்னைக்குப் பெரிய திரையில காட்டணும். வர்றவங்களுக்குப் பென்டிரைவ்ல போட்டும் கொடுக்கணும். செஞ்சு கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். கணினித் துறையில் வேலை செய்பவன் என்ற ஒரே தகுதியில் நானும் தலையாட்டிவிட்டேன்.

வன்தட்டுகளைத் திறந்து பார்த்தபோதுதான் வேலையின் அளவு புரிந்தது. 2009 முதல் 2019 வரையிலான பதிவுகள். மொத்தம் 140 மணி நேரம். ஏறத்தாழ ஒன்றரை டெராபைட். கைப்பிடி ஒளிப்பதிவுக் கருவிகள் எழுதித் தந்த கோப்புகளை அப்படியே கொட்டி வைத்திருந்தார்கள். பலருடைய கைப்பேசியில் அவை ஓடா. பென்டிரைவில் அடங்கவும் மாட்டா. அவற்றைச் சிறிதாக்கி, எங்கும் ஓடக்கூடிய வடிவத்திற்கு மாற்றியாக வேண்டும். இந்த வேலைக்குத்தான் குறியாக்கம் என்று பெயர்.

என்னிடம் இருந்தது நான்கு கருக்கள் கொண்ட பழைய ஐ5 செயலி. அதில் உபுண்டு லினக்ஸ். முதல் கோப்பை ஓட்டிப் பார்த்தேன். விநாடிக்கு 18 படச்சட்டங்கள் மாறின. ஒரு மணி நேரப் பதிவை மாற்ற ஏறத்தாழ 83 நிமிடம். 140 மணி நேரத்தையும் முடிக்க இரவு பகலாக எட்டு நாள். இடையில் ஒருமுறை மின்சாரம் போனாலும் கதை முடிந்தது. அடுத்த நாளே லோ யாட் பிளாசாவுக்குப் போய், பயன்படுத்திய வரைகலை அட்டை ஒன்றை 350 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்தேன். எட்டு நாள் வேலை 14 மணி நேரத்தில் முடிந்தது.

இது வெற்றிக் கதை போலத் தோன்றும். அப்படியன்று. அந்த வேகத்திற்கு நான் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம்.

குறியாக்கம் என்பது என்ன?

காணொளி என்பது அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்களின் வரிசை. ஒவ்வொரு நிழற்படத்தையும் படச்சட்டம் என்கிறோம். நம் நாட்டில் பயன்பட்ட கருவிகள் பெரும்பாலும் விநாடிக்கு 25 படச்சட்டங்களைப் பதிவு செய்பவை. ஆகவே ஒரு மணி நேரத்திற்கு 90,000 படச்சட்டங்கள். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படச்சட்டத்தைச் சுருக்காமல் வைத்தால், வழக்கமான வண்ண முறையில் 3.1 மெகாபைட் பிடிக்கும். அப்படியே ஒரு மணி நேரத்தைச் சேமித்தால் 280 கிகாபைட் ஆகும். இதை யாராலும் தூக்கிச் சுமக்க முடியாது.

நல்ல வேளையாக, அடுத்தடுத்த படச்சட்டங்களிடையே பெரிய மாற்றம் இருப்பதில்லை. மேடை நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். பின்திரை அசைவதில்லை, நாற்காலி அசைவதில்லை, நடிகர் மட்டும் இரண்டடி நடக்கிறார். எனவே முதல் படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்த படத்திற்கு "இந்தக் கட்டம் இவ்வளவு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது, மற்றவை அப்படியே" என்று குறிப்பு மட்டும் எழுதினால் போதும். 2003இல் வெளிவந்த எச்.264 தரம், 2013இல் வந்த எச்.265 தரம் ஆகிய இரண்டுமே இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

எச்.264 முறையில் படச்சட்டம் 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. மேலே சொன்ன அளவுள்ள ஒரு படச்சட்டத்தில் 8,160 கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திற்கும் அது முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். மேலும் சிறு கட்டங்களாகப் பிரிக்கலாமா, எவ்வளவு நுணுக்கத்தை விட்டுவிடலாம் என்றும் முடிவு செய்ய வேண்டும். காணொளியைப் பார்ப்பது எளிது, குறியாக்குவது கடினம் என்பதற்குக் காரணம் இதுதான். எழுதி வைத்த வழிக்குறிப்பைப் பார்த்து ஊர் போய்ச் சேருவது ஒன்று. எந்த வழி நல்லது என்று நடந்து பார்த்துக் குறிப்பு எழுதுவது வேறு. செயலி இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. எவ்வளவு நேரம் தேடுகிறதோ அவ்வளவு நல்ல குறிப்பு கிடைக்கும். அதே கோப்பு அளவில் படமும் தெளிவாக இருக்கும்.

ஆயிரம் கருக்களா, ஒரு தனிச்சுற்றா?

நான் வாங்கிய அட்டை என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1660. அதில் 1,408 கணிப்புக் கருக்கள் உள்ளன. என் செயலியில் நான்குதான். நால்வர் செய்த வேலையை ஆயிரத்து நானூறு பேர் பங்கிட்டுக் கொள்வதால்தான் வேகம் கூடுகிறது என்று நான் நினைத்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அது தவறு.

2007இல் கூடா என்ற நிரல் முறை வெளிவந்து, வரைகலை அட்டையின் கருக்களைப் பொதுக் கணக்குகளுக்கும் பயன்படுத்தும் வழி பிறந்தது. அந்தக் கருக்களைக் கொண்டு காணொளியைக் குறியாக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆனால், இந்த வேலை அவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஒரு கட்டத்தைக் கணிப்பதற்கு அதன் இடப்பக்கத்துக் கட்டமும் மேற்கட்டமும் முன்னரே முடிந்திருக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் பிட்டுகளாக எழுதும் கட்டத்திலோ, முந்தைய பிட் தெரியாமல் அடுத்த பிட்டை எழுத முடியாது. ஆயிரம் பேரை வேலைக்கு அழைத்துவிட்டு, ஒருவர் முடிக்கும் வரை மற்றவர்களை வரிசையில் நிறுத்தி வைப்பது போன்றது இது.

ஆகவே சில்லு தயாரிப்பாளர்கள் வேறு வழியில் போனார்கள். குறியாக்கத்திற்கென்றே தனிச்சுற்று ஒன்றைச் சில்லுக்குள் பதித்தார்கள். இன்டெல் நிறுவனம் 2011இல் இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளில் குவிக் சிங்க் என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது. என்விடியா 2012இல் கெப்ளர் தலைமுறை அட்டைகளில் என்வென்க் என்ற சுற்றை வைத்தது. ஏஎம்டி நிறுவனமும் அதே காலத்தில் தன் அட்டைகளில் இத்தகைய சுற்றைச் சேர்த்தது. விளையாட்டுக்கான அந்த 1,408 கருக்களும் குறியாக்கத்தின்போது பெரும்பாலும் சும்மாதான் இருக்கின்றன. வேலை செய்வது ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறிய சுற்று.

இதிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும்.

ஒன்று, விலை கூடிய அட்டை என்றால் குறியாக்கமும் அதே அளவுக்குக் கூடும் என்று எண்ண வேண்டாம். ஒரே தலைமுறையில் மலிவான அட்டைக்கும் விலையுயர்ந்த அட்டைக்கும் பல வேளைகளில் ஒரே வகைச் சுற்றுதான் இருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. ஜிடி 1030 அட்டையில் இந்தச் சுற்றே கிடையாது. முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அட்டையில் முந்தைய தலைமுறைச் சுற்றை வைத்திருந்தார்கள். பழைய அட்டை வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு, புதிய அட்டை வாங்காமலேயே இந்த வசதி உங்கள் கணினியில் இருக்கக்கூடும். என் பழைய ஐ5 செயலிக்குள்ளேயே குவிக் சிங்க் இருந்தது. 350 ரிங்கிட் கொடுத்த பிறகுதான் அது எனக்குத் தெரிய வந்தது.

மூன்று, இந்தச் சுற்றின் திறமை சில்லு வார்க்கப்பட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எக்ஸ்264 போன்ற மென்பொருள் குறியாக்கி, நேரம் கொடுத்தால் இன்னும் ஆழமாகத் தேடும். தனிச்சுற்றோ தனக்கு வகுத்த எல்லைக்குள் தேடிவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போய்விடும். அதன் வேகத்தின் இரகசியம் பாதி அதன் வடிவமைப்பில். மறுபாதி, அது குறைவாகத் தேடுவதில். என் அட்டையைச் சேர்ந்த டூரிங் தலைமுறையில் தரம் வெகுவாக உயர்ந்தது உண்மை. எனினும், ஒரே கோப்பு அளவில், பொறுமையாக ஓடும் மென்பொருளை அது எட்டிப் பிடிப்பதில்லை.

லினக்ஸில் என்னென்ன வேண்டும்?

முதலாவது, இயக்கி. லினக்ஸில் என்விடியா அட்டைகளுக்கு இரண்டு வகை இயக்கிகள் உண்டு. நூவோ என்ற கட்டற்ற இயக்கியால் திரையில் படம் வரும். ஆனால் என்வென்க் சுற்றை இயக்க முடியாது. அதற்கு நிறுவனமே தரும் இயக்கி வேண்டும். உபுண்டுவில் கூடுதல் இயக்கிகள் என்ற பகுதிக்குச் சென்று பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். இன்டெல், ஏஎம்டி பயனர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்கு விஏ-ஏபிஐ என்ற பொது இடைமுகம் இருக்கிறது. கட்டற்ற இயக்கிகளே அதை ஆதரிக்கின்றன. ஆனால் காப்புரிமைச் சிக்கல் காரணமாக, ஃபெடோரா போன்ற சில வழங்கல்கள் 2022 முதல் எச்.264, எச்.265 வசதிகளைத் தங்கள் மூலத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டன. அங்கே ஏஎம்டி அட்டை வைத்திருப்பவர்கள் வெளிக் களஞ்சியத்திலிருந்து அவற்றை நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மென்பொருள். 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்தான் இத்துறையின் வேலைக்காரக் குதிரை. கட்டளை வரியில் இயங்குவது. கட்டளை என்றதும் அஞ்ச வேண்டாம். அதை நான்கு பகுதிகளாகப் பார்த்தால் எளிது: எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும், இடையில் படத்தை என்ன செய்ய வேண்டும், எந்தக் குறியாக்கியைப் பயன்படுத்த வேண்டும், எந்தத் தரத்தில் எழுத வேண்டும். மென்பொருள் குறியாக்கியின் பெயர் இருந்த இடத்தில் என்வென்க் குறியாக்கியின் பெயரைப் போட்டால், வேலை செயலியிலிருந்து அட்டைக்கு மாறிவிடும். கட்டளையே வேண்டாம் என்பவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் பொத்தான்களோடு இதே வேலையைச் செய்து தரும்.

அட்டை இருந்தும் வேகம் வரவில்லையே?

குறியாக்கியை மாற்றியதும் என் கணினி விநாடிக்கு 80 படச்சட்டங்களுக்குத் தாவியது. மகிழ்ச்சிதான். ஆனால், அட்டையின் நிலையைப் பார்த்தபோது குறியாக்கச் சுற்று பாதி நேரத்திற்கும் மேலாக ஓய்வெடுத்துக் கொண்டிருந்தது. செயலியோ மூச்சுத் திணறிக் கொண்டிருந்தது.

காரணம் இதுதான். குறியாக்குவதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மூலக் கோப்பும் சுருக்கப்பட்ட கோப்புதான்; அதை முதலில் விரிக்க வேண்டும். அடுத்து, அந்தக் காலத்துக் கருவிகள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாகப் பின்னிப் பதிவு செய்தன. அந்தப் பின்னலைப் பிரிக்காவிட்டால், கையை வீசும்போது விரல்கள் சீப்பின் பற்களைப் போலத் தெரியும். இவ்விரண்டு வேலைகளையும் செயலியே செய்து, ஒவ்வொரு படத்தையும் அட்டைக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. சமையல்காரர் கைதேர்ந்தவர்தான், காய் நறுக்கித் தருபவர் ஒருவரே என்றால் பந்தி எப்படி விரைவாக நடக்கும்?

விரிக்கும் வேலைக்கும் அட்டையில் தனிச்சுற்று உண்டு. பின்னலைப் பிரிக்கும் யாடிஃப் வடிகட்டிக்கும் கூடாவில் எழுதப்பட்ட வடிவம் இருக்கிறது. (இங்கேதான் அந்த 1,408 கருக்களுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கிறது.) விரித்த படத்தை முதன்மை நினைவகத்திற்குத் திருப்பி அனுப்பாமல் அட்டையின் நினைவகத்திலேயே வைத்திருக்கும்படி எஃப்எஃப்எம்பெக்கிடம் சொல்லவும் முடியும். இவை மூன்றையும் செய்ததும் வேகம் 250ஐத் தொட்டது. ஒரு மணி நேரப் பதிவு ஆறு நிமிடத்தில் முடிந்தது.

தமிழில் தலைப்பு எழுத்துகளைப் படத்தின் மேல் பதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பதிக்கும் வேலை செயலியில் நடப்பதால் படங்கள் மீண்டும் முதன்மை நினைவகத்திற்கு வந்து போக வேண்டும், வேகம் குறையும். தலைப்பு தேவைப்படும் சில நிமிடங்களை மட்டும் தனியே செய்து கொள்வது நலம்.

விருந்து இரவு

ஒரே இரவிலும் மறுநாள் காலையிலுமாக 140 மணி நேரமும் முடிந்தது. ஒன்றரை டெராபைட் 150 கிகாபைட்டுக்கும் கீழே வந்திருந்தது. மடிக்கணினியின் சிறிய திரையில் நாலைந்து கோப்புகளை ஓட்டிப் பார்த்தேன். பொங்கல் விழாவின் வெயில், கோலம், சிரித்த முகங்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

விருந்து நாளன்று மதியம் அந்தச் செயலவை உறுப்பினர் அழைத்தார். "அண்ணா, இன்னைக்கு நிகழ்ச்சியைப் பதிவு பண்ண வன்தட்டு பத்தல. 2011 நாடக விழா இருக்கிற தட்டை அழிச்சுக்கலாமா?" நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தாராளமா அழிச்சுக்கோ. என்கிட்ட எல்லாம் இருக்கு," என்றேன்.

அன்றிரவு மண்டபத்தில் விளக்குகளை அணைத்து, 2011 நாடகத்தின் இறுதிக் காட்சியைத் திரையிட்டார்கள். அந்த நாடகத்தில் தந்தை வேடம் ஏற்றவர் அப்போது எங்கள் கழகத்தின் ஆலோசகராக இருந்த பேராசிரியர். மாணவர்களோடு மாணவராக மேடை ஏறியவர். 2020இல் காலமாகிவிட்டார். இறுதிக் காட்சியில் மேடை முழுதும் இருட்டு. ஒரே ஒரு குத்துவிளக்கு. அதன் வெளிச்சத்தில் அவர் முகம். அந்தக் காட்சியை நான் அன்று முன்வரிசையில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் வசனம் பேசாமல் நிற்கும் அந்த நிமிடத்தில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை.

பெரிய திரையில் அந்த முகம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருந்திட்டுகள். விளக்கைச் சுற்றி இருந்த ஒளி, படிக்கட்டைப் போல வளையம் வளையமாகப் பிரிந்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. அவருடைய துணைவியார் முன்மேசையில் அமர்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் என்னைத் தேடி வந்து, "தம்பி, அந்த நாடகத்தை எனக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுங்க," என்றார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

மூலக் கோப்பு இருந்த தட்டு அழிக்கப்பட்டு, அதன்மேல் அன்றைய விருந்தே பதிவாகிக் கொண்டிருந்தது. மீட்பு மென்பொருள்களை வைத்து இரண்டு வாரம் முயன்றேன். பயனில்லை.

எங்கே தவறினேன்?

பழியை அட்டையின்மேல் போட முடியாது. அட்டை நான் சொன்னதைத்தான் செய்தது. நான் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

எக்ஸ்264 மென்பொருளிடம் தரம் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், அது தானாகவே 23 என்ற தர இலக்கை வைத்துக்கொள்ளும். இருட்டுக் காட்சி, கூட்டம், ஆட்டம் என்று கடினமான பகுதி வந்தால் கூடுதல் பிட்டுகளைச் செலவழிக்கும். எளிய பகுதியில் சேமிக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் என்வென்க்கிடம் ஒன்றும் சொல்லாவிட்டாலோ, அது விநாடிக்கு 2 மெகாபிட் என்ற அளவை எடுத்துக்கொள்ளும். காட்சி எதுவாயினும் அந்தப் படிக்குள்தான் அளக்கும். மூலக் கோப்பில் விநாடிக்கு 24 மெகாபிட் வரை இருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கில் அதை அடைத்தேன்.

நான் பழைய கட்டளையில் குறியாக்கியின் பெயரை மட்டும் மாற்றினேன். தர இலக்குக்கு நான் கொடுத்திருந்த சொல் எக்ஸ்264க்கு உரியது, என்வென்க்குக்குப் புரியாதது. 'இந்த விருப்பம் எங்கும் பயன்படுத்தப்படவில்லை' என்ற பொருளில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரி ஓடியது. அதைப் பார்த்தேன். கீழே 250 என்று வேகம் ஓடிக் கொண்டிருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொங்கல் விழா தப்பியது, நாடகம் ஏன் உடைந்தது? வெளிச்சம் குறைந்தால் கருவியின் உணரி இரைச்சலை உண்டாக்கும். திரையில் எறும்பு ஊர்வது போல் தெரிவது அதுதான். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால், முந்தைய படத்தைப் பார்த்துக் கணிக்கும் உத்தி அங்கே தோற்றுவிடுகிறது. பிட்டுகள் இரைச்சலுக்கே போய்விடும், முகத்திற்கு மிஞ்சாது.

இப்போது நான் செய்யும் முறை

1. மூலக் கோப்பைத் தொடுவதில்லை. அது ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. மறுபடி குறியாக்கினால் தரம் குறையுமே தவிரக் கூடாது. அதை அப்படியே இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்து, இரண்டையும் இரு வேறு வீடுகளில் வைக்க வேண்டும். நகல் சரியாக வந்ததா என்று லினக்ஸில் உள்ள ஷா256 சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு ஒப்பிட வேண்டும்.

2. முழுக் கோப்பை ஓட்டுவதற்கு முன் மிகக் கடினமான 30 விநாடிகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டும். வெயிலில் எடுத்த காட்சி எல்லாத் தேர்விலும் தேறிவிடும். இருட்டு மேடை, பறக்கும் வண்ணக் காகிதம், ஆடும் கூட்டம் ஆகியவைதான் உண்மையான தேர்வு. கண்ணோடு எண்ணும் வேண்டும் என்பவர்கள், நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட விமாஃப் என்ற தர அளவையை எஃப்எஃப்எம்பெக் வழியாகவே பயன்படுத்தலாம்.

3. என்வென்க்கிடம் தர இலக்கைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாறும் பிட் வீத முறையைத் தேர்ந்தெடுத்து, சிக்யூ என்ற தர எண்ணைக் கொடுக்க வேண்டும். எண் குறைந்தால் தரம் கூடும். அதோடு சராசரி பிட் வீதத்தைச் சுழியம் என்று எழுத வேண்டும்.  எக்ஸ்264இன் 23ம் இங்குள்ள 23ம் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

4. வேகப் படிகள் பி1 முதல் பி7 வரை உள்ளன. பி7 மெதுவானது, தரமானது. நான் பி6 வைக்கிறேன். அடுத்து வரும் படங்களை முன்கூட்டியே நோக்கும் வசதியையும், படத்தின் பகுதிகளுக்கேற்பப் பிட்டுகளைப் பங்கிடும் வசதியையும் இயக்கி வைக்கிறேன். வேகம் சற்றுக் குறைந்தாலும் செயலியை விடப் பல மடங்கு விரைவுதான்.

5. ஒலியை மறுகுறியாக்கம் செய்வதில்லை. அப்படியே நகலெடுக்கச் சொல்கிறேன். ஒலி பிடிக்கும் இடம் சிறிது. சொற்போருக்கு ஒலிதானே உயிர்!

6. விலைமதிப்பற்ற சில பதிவுகளுக்குப் பார்வைப் பிரதியையும் செயலியிலேயே, மெதுவான படியில், இரவு முழுவதும் ஓடவிட்டு எடுக்கிறேன். மற்றவற்றுக்கு அட்டை போதும்.

7. பெரிய திரையில், இன்னொருவரோடு சேர்ந்து பார்க்கும் வரை எதையும் அழிப்பதில்லை. பார்த்த பிறகும் மூலத்தை அழிப்பதில்லை.

அப்படியானால் வரைகலை அட்டையே வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயமாக வேண்டும். நேரலை ஒளிபரப்புக்கு அது இன்றியமையாதது. யூடியூபில் ஏற்றுவதற்கும் ஏற்றது. அந்தத் தளம் எப்படியும் மறுபடி குறியாக்கிக் கொள்ளும் என்பதால், பிட் வீதத்தைத் தாராளமாக வைத்து விரைவாக அனுப்பிவிடலாம். தொகுப்பு வேலைக்கான தற்காலிகக் கோப்புகளுக்கும், பென்டிரைவ் பிரதிகளுக்கும் அட்டைதான் சரி. மூலம் பத்திரமாக இருக்கும்போது, பார்வைப் பிரதி பிழைத்துப் போனால் ஆறு நிமிடத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அட்டையின் உண்மையான நன்மை அதுதான். மூலம் இல்லாதபோது அந்த ஆறு நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை.

நிறைவாக

விருந்து முடிந்த மாதத்தில் செயலவையினர் 2 டெராபைட் வன்தட்டுகள் இரண்டை வாங்கினார்கள். ஒன்றின் விலை 290 ரிங்கிட். நான் அவசரமாக வாங்கிய அட்டையை விட அறுபது ரிங்கிட் குறைவு. 2011 நாடக விழாவைத் தவிர மற்ற எல்லா மூலப் பதிவுகளும் இப்போது அவற்றில் பத்திரமாக இருக்கின்றன. பேராசிரியரின் துணைவியாருக்கு என்னிடம் இருந்த அந்தப் பிரதியைத்தான் கொடுத்தேன். நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். "குரல் இருக்கில்ல, அது போதும் தம்பி," என்றார்.

அந்த நாடகத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து வேறு யாரேனும் பதிவு செய்திருக்கலாம். இந்த மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் தங்கள் பழைய கைப்பேசி, மடிக்கணினி, நினைவக அட்டை ஆகியவற்றைத் தயவுசெய்து ஒருமுறை தேடிப் பாருங்கள். இறுதிக் காட்சியின் அந்த ஒரு நிமிடம் கிடைத்தாலும் போதும். கிடைத்தால், தெளிவு போதாது என்று நீங்களே முடிவு செய்து மாற்றி அனுப்ப வேண்டாம். கோப்பை அப்படியே செயலவையிடம் கொடுத்துவிடுங்கள். சிறிதாக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.